புதுசு காட்டிய முகம்

...அதெப்படி, ஒரே போட்டோ, ஒரே சாப்ட்வேர், பட்டனை அமுக்கியதும் இதே விரல்தான், பிறகு எப்படி இடப்பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு மனிதரும் வலப்பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேறொரு மனிதரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்? சுழல் நாற்காலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிப் பார்க்கிறேன், வலப்பக்கம் இருப்பது புதுசு, அதில் கன்னம் ஒட்டி, புருவம் அடர்த்தியாய், மூக்கு நுனி கொஞ்சம் வளைந்து, ரோமக்கால் முதற்கொண்டு எண்ணிவிடலாம். இடப்பக்கம் இருப்பது பழசு, அதில் கன்னம் லேசாக உப்பி, புருவம் மெலிந்து, மூக்கு இன்னும் முழுசாகத் தேறவே இல்லை, ஈரத்துணியால் யாரோ துடைத்துவிட்டுப் போன மாதிரி. அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது. சரி, கம்ப்யூட்டர் ஏதோ உளறுகிறது என்று விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், கார்த்திகை மாதம், நாலு கல்யாண ஆல்பம் வரிசையில் நிற்கிறது, ஆனால் விட முடியாது, ஏனென்றால் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் முருகலட்சுமி அக்கா உட்கார்ந்திருக்கிறார், மடியில் பை, பைக்குள் மாற்றுச் சேலை, நாலரை மணிக்கு மதுரை பஸ், அங்கிருந்து ராத்திரி ரயில், இரண்டு நாள் கழித்து அந்த ரயில் போய் நிற்கும் வடக்கத்தி ஊரில் ஒரு காப்பகம், காப்பகத்தில் பேச்சு வராத ஒரு மனிதர்... அவர் இவருடைய வீட்டுக்காரர்தானா இல்லையா என்பதற்கு இப்போதைக்கு இருக்கிற ஒரே சாட்சி என் மேஜைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், வலப்பக்கத்து முகத்தை அவருக்கு ஏற்கெனவே காட்டித் தொலைத்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு வந்தார். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம், திருச்சுழியில் பஸ் மாறி வந்ததாகச் சொன்னார், வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, போனை நீட்டினார். அதில் இரண்டே படம். முதலாவது, பத்து வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம், குலசாமி கோயில் கிடாவெட்டு, யாரோ சின்ன போனில் எடுத்தது, பத்தொன்பது பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள், பின்வரிசையில் கடைசி ஆள் அழகுராஜா, அவர்தான் இவர் கணவர், முகம் ஒரு துவரம்பருப்பு அகலம் இருக்கும், அதிலும் பாதி நிழல். போர்வெல் லாரியில் வேலைக்குப் போனவர், முதல் இரண்டு வருடம் போன் வந்தது, அப்புறம் எட்டு வருடமாக ஒன்றும் இல்லை. வேறு போட்டோவே இல்லையா அக்கா என்று கேட்டேன், கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது, ஆதார் எடுக்க முகாம் போட்டபோது ஆள் லாரியோடு வெளியூர், பழைய ரேஷன் கார்டில் இருந்தது முகம் என்றால் நம்ப முடியாது, கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. இரண்டாவது படம் போன வாரம் வந்தது, அந்தக் காப்பகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ்க்காரர் அனுப்பியது, தாடிக்காரர் ஒருவர், காதை மூடிய கம்பளிக் குல்லா, அங்கே குளிர் போல, கேமராவைப் பார்க்காமல் கேமராவுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார். காப்பகத்தில் கேட்பது தெளிவான பழைய போட்டோ ஒன்று, ஒத்துப்போனால் அனுப்பி வைப்பார்களாம். நான் சும்மா இருக்காமல், இவ்வளவு அவசரமா அக்கா, போட்டோ ரெடியானதும் போனிலேயே அனுப்பிவிட்டு அவர்கள் சொன்னபிறகு கிளம்பலாமே என்றேன். "மகளுக்குத் தையில கல்யாணம்மா. பத்திரிகை பிரஸ்ஸுல நிக்கிது. அவுக பேருக்கு முன்னாடி 'காலஞ்சென்ற'னு போடணுமா வேணாமானு கேக்குறாக. கொழுந்தன் போடுங்கிறாரு. செத்ததப் பாத்தது யாருனு நான் கேட்டேன். அதுக்கு அவருட்ட பதில் இல்ல, எங்கிட்டயும் இல்ல." இவ்வளவுதான் சொன்னார். அப்புறம் நெற்றிப் பொட்டைத் தொட்டு, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார், அது தன்னையறியாமல் செய்கிற பழக்கம் போலிருக்கிறது, இதுவரை ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன்.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு, ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு ஃபோல்டர். யார் என்ன கொண்டுவந்தாலும், பாஸ்போர்ட் சைஸானாலும் பிறந்தநாள் பேனரானாலும், ஊர் பெயர், ஆள் பெயர், எல்லாம் அதற்குள்ளே. இது கம்ப்யூட்டர் வகுப்பில் படித்ததல்ல, வீட்டில் படிந்தது, நாங்கள் நூல்காரர்கள், அப்பாவுக்குச் சாயப்பட்டறை, ஒரு பார்ட்டிக்குச் சாயம் ஏற்றிய நூலெல்லாம் ஒரே கட்டாக இருக்க வேண்டும், ஒரு சிட்டம் நூல் வேறு தொட்டியில் நனைந்தது கலந்துவிட்டால் போதும், நெய்கிறபோது தெரியாது, சேலையை விரித்து வெயிலில் காட்டும்போது குறுக்கே ஒரு கோடு ஓடும். பதினாலு வயதில் நான் ஒருமுறை கலந்துவிட்டேன், அப்பா திட்டவில்லை, தெலுங்கில் ஒரே வார்த்தை, "விப்பு", அவிழ் என்று அர்த்தம், அவ்வளவுதான், முப்பது கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அன்றிலிருந்து எதையும் கலப்பதில்லை. ஸ்டுடியோ முதலாளி இன்பராஜ் அண்ணன் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதும் அதைத்தான், பதினோரு வருடத்தில் ஒருத்தர் மூஞ்சியை இன்னொருத்தர் ஆல்பத்தில் வைத்ததில்லை என்று. அதனால் இன்றைக்கும் 'நரிக்குடி முருகலட்சுமி' என்று ஃபோல்டர் திறந்தேன், அவர் போனில் இருந்த இரண்டு படத்தையும் அதற்குள் இறக்கினேன். சரியாகத்தானே செய்தேன்?

புதுசு போன ஆடியில் வந்தது. உள்ளே கலர் விளக்கு சுற்றும், பார்த்தால் பொருட்காட்சி ராட்டினம், கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஒரு செங்கல் கனம். பழசு என் கல்யாணத்துக்கு முந்தியே இந்தக் கடையில் இருப்பது, விசிறி சத்தம் மாவு மில் மாதிரி. இரண்டிலும் அதே சாப்ட்வேர், அதே வெர்ஷன், மங்கலான முகத்தைத் தெளிவாக்குகிற அதே வேலை, புதுசுக்கு அரை நிமிடம், பழசுக்கு முக்கால் மணி நேரம். யார்தான் பழசில் போடுவார்கள்? புதுசில் போட்டேன். இருபத்தெட்டு வினாடி. துவரம்பருப்பு மெல்ல மெல்ல ஊதி, அதற்குள்ளிருந்து கண் வந்தது, புருவம் வந்தது, மூக்கு வளைந்து வந்தது, எனக்கே உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் தாடியை மட்டும் எடுத்துவிட்டால் அப்படியே குல்லாக்காரர்தான். யோசிக்கவே இல்லை, அக்கா வாங்க என்று கூப்பிட்டேன், ஸ்கிரீனைத் திருப்பினேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வெகுநேரம் பார்த்தார், முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார், வீட்டுக்கு ஆள் வந்துவிட்ட மாதிரி. "இவுக தானா" என்று கேட்டேன். "இவுக தான்" என்றார், ஆனால் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்ததோ... இருந்தது. அதை நான் கவனித்தேன், கவனித்தும் சந்தோஷம்தான் என்று எடுத்துக்கொண்டேன். உடனே கொழுந்தனுக்குப் போன் போட்டார், வீரபாண்டி என்று பெயர், பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் காத்திருக்கிறார், "ஏய்யா, அவுக தான்யா, போட்டோவுல உரிச்சு வச்சாப்புல இருக்கு" என்று சொன்னார், அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, "பத்திரிகைய அப்படியே நிப்பாட்டச் சொல்லு" என்று முடித்தார். என்னிடம் இரண்டு காப்பி பெரிசாகப் போடச் சொன்னார்.

பிரிண்டுக்கு அனுப்புகிற நேரம் சரியாக மணி இரண்டு, சரியாக இரண்டுக்கு யூபிஎஸ் கீச்சென்று கத்தியது, புதுசு அப்படியே கல்லாகிவிட்டது. இது பழைய துப்பு, நானே கண்டுபிடித்தது. வந்த புதிதில் புதுசு இஷ்டத்துக்கு நின்றுபோகும், இன்பராஜ் அண்ணன் கம்பெனிக்காரனைத் திட்டினார், கம்பெனிக்காரன் சாப்ட்வேர்காரனைத் திட்டினான், நான் மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணி குறித்துக்கொண்டே வந்தேன், ஒன்பது, இரண்டு, கரண்ட் போய் வந்தால் அந்த நிமிடம், மூன்று வாரம் குறித்த பிறகு ஒருநாள் நாற்காலியில் சாய்ந்து காதை மட்டும் திறந்து வைத்தேன், பின்சுவருக்கு அந்தப்பக்கம் விசைத்தறிக் கொட்டகை, தறிகள் தூங்கின, சாப்பாட்டு நேரம் முடிந்தது, இருபத்திநாலு விசைத்தறியும் ஒரே மூச்சில் கடகடவென்று எழுந்தன, இங்கே ட்யூப் லைட் ஒருமுறை கண் சிமிட்டியது, புதுசு நின்றது. கிராபிக்ஸ் கார்டுக்குப் பசி அதிகம், அந்த நொடியில் அதற்கு வேண்டிய கரண்ட்டை யூபிஎஸ்ஸால் கொடுக்க முடிவதில்லை. பழசுக்கு அந்தப் பசியே கிடையாது, தறி எழுந்தாலும் படுத்தாலும் அது பாட்டுக்கு அரைக்கும். வேகம் வேறு, நம்பகம் வேறு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தும் இன்று இருபத்தெட்டு வினாடியில் மயங்கினேன். சரி, இரண்டுமுறை திரும்பப் போட்டும் புதுசு முரண்டு பிடித்தது, நேரத்தை விடுவானேன் என்று கிடாவெட்டுப் போட்டோவை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் பழசில் போட்டுவிட்டேன், அந்த ஒரு படம் போதுமே என்று. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பழசு முடித்தது. முடித்துத்தான் இந்த வேறு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

இன்பராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன், காரியாபட்டியில் கல்யாண மண்டபம், பின்னால் நாதஸ்வரம். "அண்ணே, ரெண்டு கம்ப்யூட்டரும் ரெண்டு ஆளைக் காட்டுது." "பழசு எதைக் காட்டுனாலும் நம்பாத பானு, அது உன்னையே கேமராக்காரப் பயன்னு காட்டும். பழைய இரும்புக்காரன்ட்ட தூக்கிப் போடச் சொல்லி எத்தன மாசமாச்சு." "அண்ணே, இது கல்யாண ஆல்பம் இல்லண்ணே." "புதுசுல வந்ததக் குடுத்து அனுப்பு, அந்தம்மாவே ஒத்துக்கிட்டாகள்ல, உனக்கென்னா. வைக்கிறேன், தாலி கட்டுன படம் இன்னும் ஒண்ணுகூட கார்டுலருந்து மாத்தி வைக்கல." வைத்துவிட்டார். உனக்கென்ன... அதுதான் எனக்கும் தெரியவில்லை, எனக்கென்ன? கதவு இடுக்கில் பார்க்கிறேன், அக்கா உட்கார்ந்த மாதிரியே இருக்கிறார், பொட்டைத் தொடுகிறார். அவருக்காகவா துருவுகிறேன், இல்லை, துருவினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும் என்கிற பழைய வியாதியா? வீட்டில் டிவி ரிமோட்டைக்கூடக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேட்டரி தீர்ந்தது என்று ஒத்துக்கொள்வேன், என் வீட்டுக்காரர் சௌந்தர் சொல்வார், நீ போலீசுக்குப் போயிருக்க வேண்டியவள் என்று. ஒரு பெண்பிள்ளையின் தாலி விவகாரம் வெளியே உட்கார்ந்திருக்கிறது, எனக்கு உள்ளே இங்கே விரல் நுனியெல்லாம் ஒரு குறுகுறுப்பு, ஒளிக்க முடியாது, சந்தோஷம் மாதிரியே இருக்கிறது.

புதுசு இப்போது தெளிந்துவிட்டது. மறுபடி ஓட்டினேன், இருபத்தெட்டு வினாடி, அதே ஒட்டிய கன்னம், அதே வளைந்த மூக்கு. அப்படியானால் தற்செயல் இல்லை. பழசு தப்பென்றால் எதனால் தப்பு? சக்தி இல்லை, நேரம் எடுக்கும், ஆனால் நேரம் எடுப்பவன் வேறு பதிலா சொல்வான், அதே பதிலைத் தாமதமாகத்தானே சொல்ல வேண்டும்? என்ன வித்தியாசம், என்ன வித்தியாசம்... கம்ப்யூட்டர் வேறு, அது ஒன்று. இரண்டாவது ஏதாவது உண்டா? அங்கே படம் பென் டிரைவில் போனது. தனியாகப் போனது. இங்கே... இங்கே தனியாக இல்லை. கை தானாக நின்றது. புதுசில் இன்னொரு புது ஃபோல்டர் திறந்தேன், பெயர்கூட வைக்கவில்லை, கிடாவெட்டுப் போட்டோவை மட்டும் அதில் போட்டு ஓட்டினேன். இருபத்தெட்டு வினாடி. உப்பிய கன்னம், மெலிந்த புருவம், தேறாத மூக்கு. பழசு காட்டிய அதே ஆள். நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளிவிட்டேன், சுவரில் இடித்தது. சாப்ட்வேரின் செட்டிங்ஸைத் திறந்து கீழே, இன்னும் கீழே, யாரும் போகாத ஆழத்துக்குப் போனால் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி, பக்கத்தில் டிக், வந்தபோதே போடப்பட்டிருந்த டிக், 'இதே ஃபோல்டரில் உள்ள மற்ற படங்களையும் துணைக்கு எடுத்துக்கொள்.' பழசைப் பார்த்தேன், அங்கே அந்த வரி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது, இந்தக் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு வலு போதாது என்று ஒரு குறிப்போடு.

நம்பிவிடக் கூடாது, இன்னொரு சோதனை. நேற்று பாஸ்போர்ட் சைஸ் எடுத்துப்போன ஹெட்மாஸ்டர் சுந்தரபாண்டி சார் படம் இருக்கிறது, தடித்த மீசை, ஏறு நெற்றி, அதை எடுத்துக் கிடாவெட்டுப் போட்டோ பக்கத்தில் போட்டேன், ஓட்டினேன். துவரம்பருப்பு ஊதியது. உள்ளேயிருந்து ஹெட்மாஸ்டர் வந்தார். பின்வரிசையில், கைலியோடு, தோளில் துண்டோடு, ஆட்டுத்தோல் தொங்குகிற மரத்துக்குக் கீழே, நரிக்குடிப் பக்கமே போயிராத சுந்தரபாண்டி சார் என்னை முறைத்துப் பார்க்கிறார். சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன், பொத்திய கைக்குள் சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியானால் காலையில் வந்த முகமும்... குல்லாக்காரர் முகத்தை எடுத்துத்தான் அது துவரம்பருப்புக்குள் நிரப்பியிருக்கிறது, தெரியாத இடத்தையெல்லாம் தெரிந்ததைக் கொண்டு மூடியிருக்கிறது, பிறகு நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து அடடா உரித்து வைத்திருக்கிறதே என்று சிலிர்த்திருக்கிறேன், ஒத்துப்போகாமல் என்ன செய்யும், இரண்டும் ஒரே ஆள்தானே. யார் சொன்னது அதற்கு இரண்டும் ஒரே ஆள் என்று? நான் சொன்னேன். ஃபோல்டர் போட்டபோதே சொல்லிவிட்டேன். ஒரே பார்ட்டி, ஒரே கட்டு. எது எந்தத் தொட்டியில் நனைந்தது என்று தெரியாமலே கட்டிவிட்டேன், கலக்கவே கூடாது என்று இருபது வருடமாகப் பயந்த கை, அந்தப் பயத்தாலேயே கலந்தது. புதுசும் பொய் சொல்லவில்லை, நான் கொடுத்ததை நம்பியது. பழசும் உண்மை சொல்லவில்லை, அதற்குத் தெரியாது, தெரியாததைத் தெரியாத மாதிரியே விட்டுவிட்டது, அவ்வளவுதான். அவிழ். மணி மூன்று இருபத்தைந்து. நாலரைக்குப் பஸ். பேசாமல் அந்தத் தெளிவான பிரிண்டைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? காப்பகத்தில் பார்ப்பார்கள், ஒத்துப்போகும், ஆளை அனுப்புவார்கள், பேசாத ஒரு மனிதர் நரிக்குடி வருவார், பத்திரிகையில் அந்த வார்த்தை வராது, எல்லோருக்கும் நல்லது... யார் வருவார்?

வெளியே போய் அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்." அவர் பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். முடிந்தவரை சாதாரணமாகச் சொன்னேன், நீங்கள் கொடுத்த இரண்டு படத்தையும் ஒரே இடத்தில் வைத்தேன், கம்ப்யூட்டர் அதிலிருந்து எடுத்து இதில் ஒட்டிவிட்டது, ஹெட்மாஸ்டர் கதையையும் சொன்னேன், சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார், வயலில் மடை எங்கே உடைந்தது என்று கேட்கிற மாதிரி. "அப்ப அது அவுக இல்லையா?" "இல்லைனும் சொல்ல மாட்டேங்க்கா. அவராவும் இருக்கலாம். இந்தப் பெட்டி சொன்னது சாட்சி இல்ல, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." அப்புறம் அவர் சொன்னார், என்னைப் பார்க்காமல், எதிர்க்கடை ஷட்டரைப் பார்த்துக்கொண்டு, "காலைல வரைக்கும் கண்ண மூடுனா அவுக மூஞ்சி வரும்மா. மங்கலாத்தான் வரும், அந்தக் கிடாவெட்டு போட்டோவுல இருக்க மாதிரியே. நெசமா அவுக எப்படி இருந்தாகனு எனக்கே மறந்துபோச்சு, ஆனா மங்கலா ஒண்ணு வரும். நீங்க காட்டுனதுல இருந்து இப்ப இதுதான் வருது. அது வர மாட்டேங்குது." ஃபைலை அழிக்கலாம், ஃபோல்டரை அழிக்கலாம், அழித்துவிட்டுத்தான் வந்தேன், ஆனால் இவருக்குள்ளே நான் போட்டது? அதற்கு எந்த பட்டன்? காலையில் அந்தச் சின்ன இடைவெளி, இவுக தான் என்பதற்கு முன்னால் வந்த அந்த ஒரு மூச்சு, அப்போது இவருக்குள் இரண்டு முகமும் நின்றிருக்கிறது, தெளிவானது மங்கலானதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறது, இருபத்தெட்டு வினாடிகூட ஆகவில்லை.

"அக்கா, மூஞ்சிய விடுங்க. வேற ஏதாச்சும் அடையாளம் இருக்கா? தழும்பு, மச்சம்?" "எடது காது கிழிஞ்சிருக்கும்," என்றார் சர்வசாதாரணமாக. "கடுக்கன் போட்டிருந்தப்ப சின்னப்பிள்ளையில ஆட்டுக்கிடா கொம்புல மாட்டி இழுத்துருச்சாம். மடல் ரெண்டாத் தொங்கும்." எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. "ஏங்க்கா, இத காலைலயே சொல்லலாம்ல?" "நீங்க கேக்கலையேம்மா. எல்லாரும் மூஞ்சியத் தான கேக்குறீக." கொழுந்தனும் கேட்கவில்லையா? கேட்கவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லையா? கேட்கவில்லை, தெளிவான போட்டோ வேண்டும் என்றார், தெளிவான போட்டோவுக்காகத்தான் இவர் இரண்டு பஸ் ஏறி வந்தார், நானும் இரண்டு கம்ப்யூட்டரைக் கட்டி அழுதேன், நடுவில் ஒரு கம்பளிக் குல்லா, அதைக் கழற்றச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர் போனில் இருந்த எண்ணை வாங்கி ஸ்டுடியோ போனிலிருந்து அந்தக் கடைக்காரரை அழைத்தேன், நல்ல மனிதர், திருநெல்வேலிப் பேச்சு, "குல்லாயா, ஒரு அரைமணி நேரம் குடுங்க, கடையில ஆள விட்டுட்டு ஓடிப் பாத்து அனுப்புதேன்" என்றார். இடது காது, இடது காது என்று மூன்று முறை சொன்னேன். வீரபாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டார், "மதினி, பஸ்ஸு வந்துரும், அங்க என்ன பண்றீக" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது, "காதப் பாத்துட்டு வாரேன்" என்று இவர் சொன்னார்.

நாலு பத்து. ஸ்டுடியோ போன் முன்பக்க மேஜையில் துடித்தது, அந்த எண்தான். எடுத்தேன். இந்தத் தெருவில் சிக்னல் எப்போதும் நொண்டி, படம் இன்னும் இறங்கவில்லை, சதுரமாக ஒரு மங்கல், நடுவில் கீழ்நோக்கி ஓர் அம்பு, அதைத் தொட்டால்தான் முழுசாக வரும். தொடப் போனேன். "இருங்க," என்றார் முருகலட்சுமி அக்கா, என் மணிக்கட்டைப் பிடித்தார், வெயிலில் காய்ந்த கை, பிடி இறுக்கமாக இருந்தது. "மூஞ்சி வேணாம். மூஞ்சிய மூடிட்டு காத மட்டும் காட்டுங்க. மூஞ்சியப் பாத்தா நான் ஒத்துக்கிருவேன்." பாஸ்போர்ட் போட்டோ வைத்துக் கொடுக்கிற அட்டை உறை ஒன்று மேஜையில் கிடந்தது, அதை எடுத்து ஸ்கிரீன் நடுவில் வைத்தேன், ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி, இடது காது என்றால் நமக்கு வலப்பக்கம், அந்த ஓரத்தை விட்டு மற்றதை மூடினேன். அவர் குனிந்து ஓரத்தையே பார்க்கிறார், பொட்டைத் தொட வந்த கை பாதியில் நிற்கிறது. "ம், இப்ப அமுக்குங்க." பின்சுவருக்கு அந்தப்பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, உள்ளே புதுசின் கலர் விளக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது, என் கட்டைவிரல் அட்டைக்கு அடியில் அந்த அம்பைத் தேடுகிறது... எவ்வளவு புத்தி இவருக்கு, எனக்குத் தோன்றவில்லையே, மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று. ஆனால் நான் மூடியது இப்போதுதானே. அதற்கு முந்தின நொடி, அட்டையை எடுப்பதற்கு முன்னால், அந்த மங்கலை நான் பார்த்தேன், பழுப்பும் கறுப்புமாய் ஒரு கறை, வேறொன்றும் இல்லை, ஒரு துவரம்பருப்பு அளவுகூட விவரம் இல்லை, ஆனாலும் அதற்குள் அடர்ந்த புருவம் தெரிந்ததே, மூக்கு வளைந்தது தெரிந்ததே, அடடா அவர்தான் என்று மனதுக்குள் ஒரு குரல் சொல்லியும் விட்டதே... இன்னும் இறங்கவே இல்லாத படத்தில், அந்த மூக்கை யார் வளைத்தது?